தும்மலுக்கு ஈஸ்ட் பொடி: எதிர்பார்க்கக்கூடியது எவ்வளவு, சாப்பிடுவதானால் எப்படி

கேள்வி இதுதான்: காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கில் தண்ணீராய் ஒழுகல், கண்ணில் அரிப்பு. செட்ரிசின் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தரும் புரோபயாட்டிக் (நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரி) ஈஸ்ட் பொடி ஒவ்வாமையையும் குறைக்கும் என்கிறார்கள். உண்மையா? எவ்வளவு, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

முதலில் பதில், பிறகு விளக்கம். அந்தப் பாக்கெட்டில் இருக்கும் உயிருள்ள ஈஸ்ட் வயிற்றுக்கு நல்ல மருந்து. மூக்கு ஒவ்வாமைக்கு அது மருந்து என்று இன்னும் நிறுவப்படவில்லை. மூக்கு ஒவ்வாமையில் மனிதர்களிடம் ஓரளவு பலன் காட்டிய ஈஸ்ட் தயாரிப்புகள் வேறு. அவற்றில் உயிருள்ள ஈஸ்ட் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம். உடல் ஆரோக்கியமாக உள்ள ஒருவர், போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தாமல், கணக்கு எழுதிவைத்து இரண்டு மாதம் சோதித்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் சிலர் இந்தப் பொடியைத் தொடவே கூடாது. அவர்கள் யார் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரே பெயர், பல பொருள்

'ஈஸ்ட்' என்று கேட்டால் கடையில் நான்கு விதமான பொருள் கிடைக்கும். ரொட்டிக்குப் போடும் பேக்கரி ஈஸ்ட் ஒன்று. அதைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது, வயிற்றில் நொதித்து உப்பிசம் தரும். பி வைட்டமினுக்காக விற்கும் 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்', 'புரூவர்ஸ் ஈஸ்ட்' இரண்டாவது வகை. பெரும்பாலும் சூட்டில் கொல்லப்பட்டவை, சத்துணவு என்பதற்கு மேல் அவற்றுக்கு வேலையில்லை. மூன்றாவது, ஈஸ்டை நொதிக்கவைத்து, செல்லையும் அது வளர்ந்த கரைசலையும் சேர்த்து உலர்த்திய பொடி, அல்லது ஈஸ்டின் செல் சுவரிலிருந்து பிரித்தெடுத்த பீட்டா குளுக்கான் என்ற மாவுச்சத்து வகைப் பொருள். நான்காவதுதான் உங்கள் மருந்துக்கடைக்காரர் தருவது: சாக்கரோமைசஸ் பவுலார்டி.

இந்தக் கடைசி ஈஸ்டுக்குப் பெயர் தந்தவர் ஆன்றி பூலார் என்ற பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர். 1920-களின் தொடக்கத்தில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் கைமருந்தாகப் பயன்படுத்தியவர்கள் பேதியிலிருந்து தப்பியதைக் கவனித்து, அந்தத் தோலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1947-ல் பிரான்ஸின் பயோகோடெக்ஸ் நிறுவனம் இதன் உரிமையை வாங்கியது. மரபணு அளவில் இது ரொட்டி ஈஸ்டின் நெருங்கிய உறவு, 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுதான். ஆனாலும் நடத்தையில் வேறுபாடு உண்டு. ரொட்டி ஈஸ்ட் 30 டிகிரிப் பக்கம் செழிக்கும். இது 37 டிகிரி உடல் சூட்டில் நன்றாக வளரும், இரைப்பை அமிலத்தையும் தாங்கும். அதனால்தான் வாய்வழி போய்க் குடலில் உயிரோடு வேலை செய்கிறது.

பாக்கெட்டை வாங்கும்போது பெயருக்குக் கீழே உள்ள இன எண்ணையும் பாருங்கள். பெரும்பாலான நல்ல ஆய்வுகள் சி.என்.சி.எம். ஐ-745 என்ற இனத்தில் நடந்தவை. இந்தியாவில் எகோநார்ம் என்ற பெயரில் 250 மில்லிகிராம் பாக்கெட்டாகவும் கேப்ஸ்யூலாகவும் கிடைப்பது பவுலார்டிதான். சில அட்டைகளில் 282.5 மி.கி. என்று இருக்கும். உலர்த்தும்போது சேர்க்கும் பொருளோடு சேர்ந்த எடை அது, ஈஸ்ட் 250 மி.கி.தான். அந்த 250 மில்லிகிராமில் சுமார் 500 கோடி உயிருள்ள செல்கள் இருக்கும். 'புரோபயாட்டிக்' என்று மட்டும் போட்டு, பத்துப் பன்னிரண்டு நுண்ணுயிரிகளின் பெயரை அடுக்கி, கடைசியில் இந்த ஈஸ்டையும் ஒரு சிட்டிகை சேர்த்திருக்கும் கலவைப் பாக்கெட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். எது எவ்வளவு என்று தெரியாததை வைத்துச் சோதனை செய்ய முடியாது.

இட்லி மாவிலும் கள்ளிலும் ஈஸ்ட் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்பார்கள். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுடையது. கூட ஈஸ்டும் இருக்கும். ஆனால் ஆவியில் வெந்ததும் எல்லாம் செத்துவிடும். கள்ளில் உயிரோடு இருப்பது வேறு இனம், கூடவே ஆல்கஹாலும் இருக்கிறது. ஆல்கஹால் மூக்கின் இரத்தக்குழாய்களை விரித்து அடைப்பைக் கூட்டும். ஒவ்வாமைக்காரர்களுக்கு அது எதிர்விளைவுதான்.

குடலில் இறங்கியது மூக்கில் எப்படி வேலை செய்யும்?

ஒவ்வாமை என்பது உடம்பின் காவல்படை ஆளை மாற்றிப் பிடிப்பது. தூசிப்பூச்சியின் கழிவோ மகரந்தமோ ஆபத்தில்லாதவை. ஆனாலும் ஒருசிலரின் உடம்பு அவற்றுக்கு எதிராக ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி மூக்கில் விழுந்ததும் மாஸ்ட் செல் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, ஒழுகல். சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து அடைப்பைத் தரும். செட்ரிசின் தும்மலை நிறுத்தியும் அடைப்பு மட்டும் போகாமல் நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டம்தான். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படாது.

உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் குடியிருக்கிறது. அங்கே ஈஸ்டின் செல் சுவரிலுள்ள பீட்டா குளுக்கானையும் மன்னானையும் இந்தச் செல்கள் தொட்டு அடையாளம் காண்கின்றன. அதனால் ஐ.ஜி.ஈ. தயாரிக்கத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்து, அடக்கி வைக்கும் சமிக்ஞைகள் கூடலாம் என்பது கருத்து. பவுலார்டி கொடுத்த எலிகளின் குடலில், சவ்வைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் கசாசா என்ற கரும்புச் சாராயத் தயாரிப்பிலிருந்து பிரித்தெடுத்த யு.எஃப்.எம்.ஜி. ஏ-905 என்ற ஈஸ்டை ஆஸ்துமா உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது மூச்சுக்குழாயின் அழற்சி குறைந்தது. கருத்து நியாயமானது. ஆனால் சுண்டெலியின் நுரையீரலில் நடந்தது உங்கள் மூக்கில் நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் பார்த்தது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் நகரத்தில் கால்நடைத் தீவனத்துக்காக ஈஸ்ட் நொதிப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று உண்டு. அங்கே வேலை செய்தவர்கள் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பது குறைவாக இருந்ததைப் பார்த்துத்தான் அதை மனிதர்களுக்கான சத்துப்பொருளாக்கினார்கள். எபிகோர் என்பது அதன் பெயர். 2009-ல் வெளியான ஆய்வில் மூக்கு ஒவ்வாமை உள்ள 96 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு தினம் 500 மி.கி., மற்றதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 12 வாரம் கொடுத்தார்கள். மகரந்தம் உச்சத்தில் இருந்த வாரங்களில் பொடி சாப்பிட்டவர்களுக்கு அடைப்பும் ஒழுகலும் குறைந்தன. மூக்கடைப்போடு கழிந்த நாட்கள் சுமார் 12 குறைவு. கண் தொந்தரவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தயாரிப்பாளரின் ஆதரவில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பீட்டா குளுக்கானில் நடந்தவை இன்னும் சிறியவை. அமெரிக்காவில் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத 48 பேரில் பாதிப் பேருக்கு, ரொட்டி ஈஸ்டிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் தினம் 250 மி.கி. 4 வாரம் கொடுத்ததில் தொந்தரவு குறைந்தது. துருக்கியில் ஆலிவ் மகரந்த ஒவ்வாமை உள்ள 24 பேரிடம் 12 வாரம் பீட்டா குளுக்கானைச் சோதித்து, மூக்கைக் கழுவிய நீரில் ஒவ்வாமைச் சமிக்ஞைப் பொருள்கள் குறைந்ததைப் பார்த்தார்கள்.

இந்த மூன்றிலும் உயிருள்ள ஈஸ்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றும் மகரந்தம் பறக்கும் பருவத்தில் மட்டும் தொந்தரவு வருபவர்களை வைத்து நடந்தவை. தூசிப்பூச்சியால் வருடம் முழுக்கத் தும்முகிறவருக்கு இதே பலன் வரும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் அதிகம் பேருக்குத் தூசிப்பூச்சிதான் காரணம்.

உயிருள்ள புரோபயாட்டிக்கில் ஒவ்வாமைக்கு ஆதாரம் அதிகமாக இருப்பது பாக்டீரியா பக்கம். 2015-ல் 23 ஆய்வுகளையும் 1919 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பில், மூக்கு ஒவ்வாமைக்காரர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் ஓரளவு மேம்பட்டது தெரிந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 173 பேருக்கு லாக்டோபேசிலஸ் கேசரி, இரண்டு பிஃபிடோபாக்டீரியம் இனங்கள் சேர்ந்த கேப்ஸ்யூலை 8 வாரம் கொடுத்ததிலும் அப்படித்தான். பலன் உண்டு, ஆனால் சிறியது. இனத்துக்கு இனம் மாறுகிறது.

அப்படியானால் பவுலார்டி எதில் உறுதியாக வேலை செய்கிறது? ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கில். 21 ஆய்வுகள், 4780 பேரைச் சேர்த்த 2015-ஆம் வருடத் தொகுப்பில், ஈஸ்ட் சாப்பிடாதவர்களில் 18.7 சதவீதத்தினருக்குப் பேதி வந்தது, சாப்பிட்டவர்களில் 8.5 சதவீதம். பாதிக்கும் கீழே. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், ஒவ்வாமைக்காரர்களுக்கு இது ஒரு விதத்தில் நேரடியாகப் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் தொடக்கூடாது

கழுத்து அல்லது மார்பு வழியாகப் பெரிய இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் வைத்திருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், ஐ.சி.யு.வில் இருப்பவர்கள். இவர்களுக்கு இந்த ஈஸ்ட் இரத்தத்தில் கலந்து பூஞ்சைத் தொற்றாகிவிடக்கூடும், உயிரும் போயிருக்கிறது. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2017-ல் இதை ஆராய்ந்தபின், தீவிர நோயாளிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே சேர்க்கவைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கும் கொடுக்கக்கூடாது. ஆஸ்துமாவுக்காகவோ வேறு நோய்க்காகவோ பல வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மூக்கு ஸ்ப்ரேயில் உள்ள ஸ்டீராய்டு இந்தக் கணக்கில் வராது, அதன் அளவு மிகக் குறைவு.

அப்படிப்பட்ட நோயாளி வீட்டில் இருந்தால், நீங்கள் உங்களுக்காகப் பாக்கெட்டைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். பொடி கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். பாக்கெட்டைப் பிரித்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தூரம் வரை காற்றில் உயிருள்ள ஈஸ்ட் கிடைத்திருக்கிறது. மேசைமேல் விழுந்தது இரண்டு மணி நேரம் கழித்தும் உயிரோடிருந்தது. பிரித்த கையை நன்றாகக் கழுவிய பிறகும் விரலில் மிச்சம் இருந்தது. அந்தக் கையோடு போய் ஊசிக்குழாயைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் அறைக்கு வெளியே, சமையலறையில் வைத்துப் பிரியுங்கள். அவருக்கு ஊசிக்குழாய் பராமரிப்பு செய்பவர் நீங்களே என்றால் இந்தப் பொடியே வேண்டாம்.

இன்னொரு கூட்டம் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை: ஈஸ்டே ஒத்துக்கொள்ளாதவர்கள். தோலில் கரப்பான் போன்ற அடோபிக் எக்ஸிமா நீண்ட நாளாக, முக்கியமாகத் தலை, கழுத்துப் பக்கம் உள்ளவர்களில் சிலருக்கு, தோலில் வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு எதிராக ஐ.ஜி.ஈ. இருக்கும். அந்த ஐ.ஜி.ஈ. சாக்கரோமைசஸையும் அடையாளம் காணக்கூடும், ஏனென்றால் இரண்டின் செல் சுவரிலும் ஒத்த பொருள்கள் இருக்கின்றன. ரொட்டி, பீர், ஒயின் சாப்பிட்டதும் அரிப்போ தடிப்போ வருகிறவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். பாக்கெட்டில் லாக்டோஸும் ஃப்ரக்டோஸும் சேர்த்திருப்பார்கள் என்பதால், பாலுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்குமுன் மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

ஃபுளூக்கனசோல், இட்ராகனசோல் போன்ற பூஞ்சை மாத்திரை சாப்பிடும் நாட்களில் இதைச் சாப்பிடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. மாத்திரை ஈஸ்டைக் கொன்றுவிடும். படர்தாமரைக்கு இட்ராகனசோல் வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் நிறைய, அவர்கள் அது முடிந்தபின் தொடங்கலாம்.

கணக்கு வைத்துச் சோதிப்பது

ஒவ்வாமைக்கென்று இந்த ஈஸ்டுக்கு முடிவான அளவு எதுவும் கிடையாது. வயிற்றுக்குப் பெரியவர்களுக்கு 250 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பது வழக்கமான அளவு, அதையே வைத்துக்கொள்ளலாம். கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் பலன் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. குழந்தைகளுக்குத் தும்மலுக்காக நீங்களாகத் தொடங்காதீர்கள்.

தொடங்குமுன் இரண்டு வாரம் வெறும் கணக்கு மட்டும் எழுதுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், இது இல்லாமல் பின்னால் எதையும் சொல்ல முடியாது. ஒவ்வாமை ஆய்வுகளில் பயன்படும் முறை எளிது. மூக்கொழுகல், அடைப்பு, தும்மல், மூக்கரிப்பு என்ற நான்குக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண். இல்லை என்றால் 0, இருக்கிறது ஆனால் தொந்தரவில்லை என்றால் 1, தொந்தரவு ஆனால் பொறுக்கலாம் என்றால் 2, வேலையையோ தூக்கத்தையோ கெடுத்தால் 3. கூட்டினால் அதிகபட்சம் 12. தினம் ஒரே நேரத்தில் எழுதுங்கள். எழுந்து அரை மணி நேரத்தில், பல் துலக்கி முடித்ததும் வைத்துக்கொண்டால் மறக்காது. பக்கத்திலேயே அன்று எத்தனை செட்ரிசின் போட்டீர்கள், வீட்டில் ஒட்டடை அடித்தார்களா, சுண்ணாம்பு அடித்தார்களா, மழை பெய்ததா என்று ஒரு வரி.

உதாரணத்துக்கு ஒரு நாள்: ஒழுகல் 2, அடைப்பு 2, தும்மல் 3, அரிப்பு 1, மொத்தம் 8, மாத்திரை 1, பரணைச் சுத்தம் செய்தது. இப்படி 14 நாள் எழுதிக் கூட்டி 14-ஆல் வகுத்தால் உங்கள் அடிமட்டம் கிடைக்கும். அது 7 என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு 8 வாரம் ஈஸ்ட். இடையில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புது மெத்தை, புது ஸ்ப்ரே, புதுக் கஷாயம் எதுவும் வேண்டாம். போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை அதே அளவில் தொடருங்கள், ஆஸ்துமா இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு வாரத்தின் சராசரியை எடுத்து அடிமட்டத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு பொடியை நிறுத்திவிட்டு இன்னும் 4 வாரம் எழுதுங்கள். இந்த ஈஸ்ட் குடலில் குடியேறுவதில்லை. சாப்பிடத் தொடங்கி மூன்று நாளில் ஒரு நிலையான அளவுக்கு வரும், நிறுத்தி ஒரு வாரத்துக்குள் வெளியேறிவிடும். ஆகவே பலன் உண்மையில் ஈஸ்டால் வந்தது என்றால் நிறுத்திய சில வாரங்களில் மதிப்பெண் மறுபடி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பருவம்தான் மாறியிருக்கிறது.

என் அளவுகோல் இது: 7 இருந்தது 5-க்குக் கீழே இறங்கி, மாத்திரை எண்ணிக்கையும் கூடாமல் இருந்து, நிறுத்தியதும் மறுபடி ஏறினால், உங்களுக்கு ஏதோ பலன் இருக்கிறது. 7 ஆறரை ஆனது என்றால் அது வழக்கமான ஏற்ற இறக்கம். இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. மூக்கு ஒவ்வாமை ஆய்வுகளில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கணிசமாகக் குறைவது வழக்கம். தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது மருந்து தொடங்குவார்கள். உச்சத்திலிருந்து அது தானாகவும் இறங்கும்.

கலக்கும் விதத்தில் கெடுவது

பாக்கெட்டைப் பிரித்தால் வெளிர் பழுப்பில் மெல்லிய பொடி, லேசாக ரொட்டி வாசனை. பல பாக்கெட்டுகளில் பழ எசென்ஸும் சேர்த்திருப்பார்கள். அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கலங்கலாகும், சர்க்கரை போலக் கரையாது. வைத்துவிட்டுப் போனால் அடியில் படிந்துவிடும். கலக்கியதும் குடியுங்கள், அடியில் தங்கியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிக் குடியுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு சூடு. காபி, டீ, சூடான பால், அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி இவற்றில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். 50 டிகிரியைத் தாண்டினாலே பிழைக்காது, நாம் குடிக்கும் காபி அதைவிடச் சூடு. டம்ளரை உள்ளங்கையில் பிடித்தால் சுடக்கூடாது, அதுதான் கணக்கு. மதுவோடும் கலக்கக்கூடாது. கேப்ஸ்யூல் என்றால் முழுங்குங்கள், பிரித்துக் கொட்ட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது பெரிய விஷயமில்லை, தினமும் சாப்பிடுவதுதான் விஷயம். இரண்டு நாள் விட்டாலே குடலில் அளவு சரிந்துவிடும். உறைகுளிரில் உலர்த்திய வகைக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் காருக்குள்ளோ ஜன்னலோரத்திலோ வைத்தால் வீண். ஈரமும் ஆகாது. கட்டி தட்டியிருந்தால் தூக்கிப்போடுங்கள்.

முதல் வாரத்தில் வயிறு உப்பிசம், காற்று பிரிதல் வரலாம். சிலருக்கு மலச்சிக்கல் வரும். தினம் ஒரு பாக்கெட்டாகக் குறைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டாக்குங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாமல் காய்ச்சல் வந்து இரண்டு நாளுக்கு மேல் நின்றால், ஈஸ்ட் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். சொன்னால்தான் அவர் அதைத் தேடிச் சோதிப்பார்.

'ஈஸ்ட் சாப்பிட்டால் வெள்ளைப்படுதல் வருமா' என்று பெண்கள் பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தொற்றைப் பெரும்பாலும் தருவது கேண்டிடா. இது வேறு. ஆரோக்கியமானவர் வாய்வழி சாப்பிடுவதால் அந்தத் தொற்று வரும் என்று பயப்பட வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் விஷயம்

மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். ஒவ்வாமை மூக்கு உள்ளவர்கள் 'சளி பிடித்திருக்கிறது' என்று வருடத்துக்கு நான்கைந்து முறை அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிடுவது நம் ஊரில் சாதாரணம். தண்ணீராக ஒழுகி, கண் அரித்து, காய்ச்சல் இல்லாமல் வரும் தும்மல் கிருமித் தொற்று அல்ல, அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். குடல் சமநிலைக்காக ஈஸ்ட் சாப்பிட நினைக்கிறவர் முதலில் இந்தத் தேவையில்லாத மாத்திரையை நிறுத்துவதுதான் முறை.

உண்மையாகவே சைனஸில் பாக்டீரியாத் தொற்று வந்து மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், அப்போது பவுலார்டி சரியான துணை. ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. தயிரிலும் மற்ற புரோபயாட்டிக்கிலும் உள்ள பாக்டீரியாவை மருந்து கொன்றுவிடக்கூடும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள், இதற்கு அந்தக் கணக்கு வேண்டாம். முதல் நாளே தொடங்கி, ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகும் சில நாள் தொடரலாம். இந்த ஒரு இடத்தில் ஒவ்வாமைக்காரர் இந்தப் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஈஸ்டுக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

செட்ரிசின் சலித்துவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம், மாத்திரையால் தீராத அடைப்புக்கு மாத்திரையையே நம்புவது. தினமும் தொந்தரவு உள்ளவர்களுக்கு முதல் மருந்து ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அதைப் போட்டும் பலனில்லை என்பவர்களில் நிறையப் பேர் அடிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போது முனை தானாக வெளிப்பக்கம், அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் அடித்தால் இரத்தம் கசியும். அடித்ததும் 'சுர்' என்று உறிஞ்சாதீர்கள், லேசாக மூச்சிழுத்தால் போதும். முழுப் பலனுக்கு இரண்டு வாரம் ஆகும், நான்கு நாளில் விட்டுவிட்டால் எதுவும் தெரியாது. அடித்த நிமிடத்தில் திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுமருந்து வேறு சங்கதி. ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை நிரந்தரமாக்கும்.

ஸ்ப்ரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேரடியாக மூக்கில் விட்டால் மூளையைத் தாக்கும் அமீபா போக வாய்ப்புண்டு.

காலைத் தும்மல் என்றால் முதல் சந்தேகம் படுக்கை. பத்து வருடப் பழைய இலவம்பஞ்சுத் தலையணை தூசிப்பூச்சிக்கு அரண்மனை. கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்கு இன்னும் தோது. உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், பழைய தலையணையை மாற்றுங்கள். வெயிலில் போட்டு அடிக்கும் வேலையை ஒவ்வாமை இல்லாத ஒருவர் செய்யட்டும். இதை ஈஸ்ட் சோதனைக்கு முன்பே முடித்து, ஒரு மாதம் கழித்துக் கணக்கைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் தலையணை செய்த நன்மையை ஈஸ்டின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, இரவில் இருமலோடு மூச்சிரைப்பு இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய தோல் குத்துச் சோதனை செய்வதானால், அதற்கு ஒரு வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு, செட்ரிசினை நிறுத்த வேண்டும். போட்டிருந்தால் தடிப்பே எழும்பாமல் சோதனை பொய்யாகிவிடும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் ஈஸ்ட் பொடியையும் அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் எழுதிவைத்த மதிப்பெண் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மாதம், எந்த வேலை செய்த நாளில் ஏறியது என்று அதில் இருப்பது, எந்தெந்தப் பொருளை வைத்துக் குத்திப் பார்க்கலாம் என்று மருத்துவர் தேர்ந்தெடுக்க உதவும்.